எந்தப் பக்கம்?

குறிஞ்சி நிலத்து ஊருக்குக் குறிச்சி என்று பெயர். தமிழ் படித்தவர்கள் முதலாண்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளும் செய்திகளுள் இதுவும் ஒன்று. கள்ளக்குறிச்சியின் பெயரில் அந்தக் குறிச்சி இன்றும் இருக்கிறது. ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. மழை ஓய்ந்த காலை நேரங்களில் மொட்டைமாடியில் நின்றால் மலை அருகில் வந்து நிற்பதுபோலத் தோன்றும். பெயரளவில் மலைக்கு இத்தனை நெருங்கிய ஊரில், மலைக்காரர் ஒருவர் வாடகைக்கு வீடு பிடிப்பது எத்தனை கடினம் என்பதை, எங்கள் வீட்டு மாடியை இணையத்தில் விளம்பரம் செய்யப்போன இடத்தில்தான் நாங்கள் முழுதாக உணர்ந்தோம்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அதுவரை இது நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமிக்கு நடுவே, சேலம்–உளுந்தூர்பேட்டைச் சாலையில் பேருந்து சற்று நின்று போகும் ஊர். மாவட்டமானதும் அலுவலகங்கள் வந்தன. 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எழுத்தர், செவிலியர், மாணவர், ஒப்பந்தப் பணியாளர் என மாற்றலாகியும் புதிதாகவும் வருவோர் பெருகினர். வயலாக இருந்தவை மனைகளாயின. மனைகளில் வீடு கட்டியவர்கள் கையோடு மேலே ஒரு தளத்தையும் எழுப்பி, வாசலில் 'டூலெட்' அட்டையைத் தொங்கவிட்டார்கள். வாடகைக்குக் 'குடிக்கூலி' என்றொரு பழைய சொல் உண்டு. அது வழக்கிழந்துவிட்டது. டூலெட் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

நாங்களும் அவ்வாறு கட்டியவர்கள்தாம். கீழே நாங்கள் இருக்கிறோம். மேலே இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு பகுதி. வாடகை வந்தால்தான் வங்கித் தவணை சிரமமின்றிக் கழியும் என்னும் கணக்கில் எழுந்த மாடி அது. முன்பு குடியிருந்தவர்கள் மாற்றலாகிப் போனபின் மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. வாசலில் அட்டை தொங்கியது. தெருவில் நடப்பவர்கள் மட்டுமே அதைப் படித்தார்கள். தரகர் ஒரு மாத வாடகையைக் கேட்டார். இணையத்தில் போடலாம் என்று முடிவு செய்தோம்.

வீட்டு விளம்பரத்துக்கென்றே இயங்கும் தளங்கள் நம் நாட்டில் தோன்றி இருபது ஆண்டுகள் ஆகின்றன. 99ஏக்கர்ஸ் 2005இலும், மேஜிக்பிரிக்ஸ் 2006இலும், தரகரே வேண்டாம் என்பதைப் பெயரிலேயே சொல்லும் நோபுரோக்கர் 2014இலும் தொடங்கியவை. அவற்றோடு முகநூலின் சந்தைப்பகுதி, ஊர்ப்பெயரில் இயங்கும் முகநூல் குழுக்கள், வாட்ஸ்அப் குழுக்கள். பெருநகரத்தை மனத்தில் வைத்து அமைத்த படிவங்களில் எங்கள் ஊரை நுழைப்பது எளிதாக இல்லை. லிஃப்ட் உண்டா, உடற்பயிற்சிக்கூடம் உண்டா, நீச்சல்குளம் உண்டா என்று கேட்டார்கள். நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வரும் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு தேடுகிறவர் கேட்கும் முதற்கேள்வி அதுவே. போக்கியம் என்ற வழக்கத்தையும், அதாவது பெருந்தொகை ஒன்றைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அத்தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும், 'லீஸ்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் திணிக்கவேண்டியிருந்தது.

எழுதுமுன் பிறர் எழுதியவற்றைப் படிப்பது தமிழ் நடத்துகிறவர்களின் தொழிற்புத்தி. பல ஊர்களின் விளம்பரங்களைச் சில இரவுகள் அமர்ந்து படித்தோம். அதுவும் ஓர் இலக்கிய வகைதான். அதற்கும் மரபுச்சொற்கள் உண்டு. 'பேருந்து நிலையத்துக்கு மிக அருகில்' என்றால் ஆட்டோ வேண்டும். 'காற்றோட்டமான' என்றால் சுற்றிலும் இன்னும் வீடு எழவில்லை. 'டீசன்ட் ஃபேமிலி மட்டும்', 'சைவம் மட்டும்', 'பேச்சிலர்கள் அணுகவேண்டாம்' என்பவை வேறு வகை. அவை வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கின்றன. 'சைவம்' என்ற சொல் சமயத்தையும் உணவையும் தாண்டி ஒரு மூன்றாம் பொருளை அங்கே சுமந்து நிற்பதை வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை.

எங்கள் விளம்பரத்தில் உண்மையை எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், கோடையில் குறையும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு. படி சற்றுச் செங்குத்து, முதியவர்க்குச் சிரமம். மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் வெயில் இறங்கும். வாடகை ரூ. 7,500, மின்கட்டணம் தனி மீட்டர், முன்பணம் மூன்று மாத வாடகை. காலை வெளிச்சத்தில், சன்னல்களைத் திறந்துவைத்து, அறைக்கு ஒன்றாகப் படம் எடுத்தோம். குளியலறையையும் எடுத்தோம். பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்; வந்து பார்ப்பவர்கள் முதலில் எட்டிப்பார்ப்பதோ அதைத்தான். மாலை ஆறிலிருந்து எட்டுவரை அழைக்கலாம் என்று நேரம் குறித்தோம். பதிவிட்ட தேதியைப் போட்டோம். ஓராண்டுக்கு முன்னரே ஆள் குடிவந்துவிட்ட வீடுகளின் விளம்பரங்கள் இன்னும் இணையத்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்ததன் விளைவு அது.

முதலில் அழைத்தவர்கள் தரகர்கள். அடுத்து ஒருவர், தாம் ராணுவத்தில் இருப்பதாகவும் ஊருக்கு மாற்றல் கிடைத்திருப்பதாகவும் இந்தியில் சொன்னார். வீட்டைப் பார்க்காமலேயே பிடித்துவிட்டது என்றார். முன்பணம் அனுப்புவதற்காக ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, ஸ்கேன் செய்து எங்கள் ரகசிய எண்ணை இடச் சொன்னார். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை. அதை இட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். இந்தியாவெங்கும் வீட்டு விளம்பரம் போடுவோரைக் குறிவைத்து நடக்கும் பழைய தந்திரம் இது. நாங்கள் இணைப்பைத் துண்டித்தோம். படிக்கும் நண்பர்கள் இதையொன்றை மட்டுமேனும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின் உண்மையாகவே வீடு தேடுகிறவர்கள் அழைத்தார்கள். விசித்திரம் ஒன்றைக் கவனித்தோம். நாங்கள் எதுவும் கேட்குமுன்பே சிலர் தம்மைப் பற்றிய ஓர் உறுதிமொழியோடு தொடங்கினார்கள். "சார், நாங்க நல்ல ஃபேமிலிதான்" என்றார் ஒருவர். "நாங்க கவுச்சி சமைக்கமாட்டோங்க" என்றார் ஒருவர். வேறு சிலர் திருப்பிக் கேட்டார்கள்: "சார், நீங்க எந்தப் பக்கம்? தெருவுல எல்லாம் யாரு இருக்காங்க?"

பக்கம் என்பது திசை; புத்தகத்தின் தாள்; இப்போது இணையப் பக்கம். 'எந்தப் பக்கம்' என்னும்போது அது இவற்றில் எதுவுமன்று. நேராகக் கேட்கக் கூசுகிற சாதியைப் பக்கவாட்டில் கேட்கும் முறை அது. முன்பெல்லாம் இந்தக் கேள்வி வாசற்படியில் கேட்கப்பட்டது. வந்தவர் வீட்டைப் பார்த்திருப்பார், பிடித்திருக்கும், மோர் குடித்திருப்பார். அதன்பின் கேள்வி வரும். கேட்கிறவர் அவர் முகத்தைப் பார்த்தாகவேண்டும். செழியன் இயக்கி, தேசிய விருது பெற்று, 2019இல் திரைக்கு வந்த 'டூலெட்' படத்தில் 2007ஆம் ஆண்டுச் சென்னையின் இத்தகைய வாசற்படிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. இணையம் வந்தபின் வாசற்படி போய்விட்டது. செல்பேசியில் கேட்டு, செல்பேசியிலேயே 'வீடு போயிடுச்சுங்க' என்று சொல்லிவிடலாம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமன்று. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், இனம், நிறம், மதம், பூர்வீகம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அத்தகைய பாகுபாடு காட்டும் விளம்பரத்தை வெளியிடுவதும் அச்சட்டப்படி குற்றம். அரைநூற்றாண்டு கழித்து, வீட்டு விளம்பரங்களை இன்னின்னார் பார்க்கக்கூடாது என்று விளம்பரதாரர் தேர்ந்துகொள்ள வழிவிட்டதாக முகநூல் மீது அந்நாட்டு வீட்டுவசதித் துறை 2019 மார்ச்சில் குற்றம் சாட்டியது. 2022 ஜூனில் நீதித்துறையுடன் உடன்பாடு செய்துகொண்டு, வீட்டு விளம்பரங்களை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் முறையை மாற்ற அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. மறுக்கப்படுகிறவருக்குத் தாம் மறுக்கப்பட்டதே தெரியாமற்போவதுதான் அந்த முறையின் கொடுமை. அவர் கண்ணில் விளம்பரமே படாது.

நம் நாட்டில் தனியார் வீட்டை யாருக்குத் தருவது என்பது பெரும்பாலும் உரிமையாளரின் மனத்துக்கே விடப்பட்டிருக்கிறது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று உறுப்பினர் தகுதியை வரையறுத்த பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவுசெய்யவேண்டும், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. குடிவந்தவரைக் காக்கும் நல்ல விதிகள் அவை. குடிவர விடாதவரைப் பற்றிப் பேச்சில்லை.

சட்டம் சொல்லாததை விளம்பரத்தில் நாங்களே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. 'சாதி, மதம், சாப்பாடு பற்றிக் கேட்கமாட்டோம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். தளங்களின் படிவத்தில் அதற்கு இடமில்லை. குறிப்புப் பகுதியில் எழுதினோம். முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் தடையில்லை. அழைப்புகள் குறைந்தன. ஏறத்தாழ முடிவு செய்துவிட்ட ஒரு குடும்பத்தார், ரூ. 500 கூடுதலாகவே தருவதாகச் சொன்னவர்கள், அந்த வரியைப் பார்த்துவிட்டு அழைத்தார்கள். "அப்படின்னா நாளைக்குப் பக்கத்து மனையில நீங்க கட்டினா யாரு வேணும்னாலும் வருவாங்களா சார்?" என்று கேட்டார்கள். வருவார்கள் என்றோம். அவர்கள் வரவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர் மாலை நடையின்போது நின்று, "வாடகைக்கு விடறது உங்க வீடுதான் சார், நான் என்ன சொல்ல? ஆனா தெரு எல்லாருக்கும் பொதுவாச்சே" என்றார். பொது என்ற சொல்லை இத்தனை குறுக்கமாக நாங்கள் முன்பு கேட்டதில்லை. நான்காவது மாதத் தவணையையும் சேமிப்பிலிருந்து கட்டினோம்.

அந்நாட்களில் ஒரு மாலை, இரைச்சலுக்கிடையே ஓர் அழைப்பு வந்தது.

"சார், வாட்ஸ்அப்புல பாப்பா காட்டுச்சு. மாடி வீடு இன்னும் இருக்குங்களா?"

இருக்கிறது என்றோம்.

"நாங்க மலைங்க சார். வெள்ளிமலைக்குப் பக்கம். குடுக்கறதுன்னா நாளைக்கு முத பஸ்ஸுக்கு வரேன். இல்லைன்னா இப்பவே சொல்லிடுங்க, ஒரு நாள் கூலி மிச்சம்."

கேட்கமாட்டோம் என்று எழுதியிருக்கிறோமே என்றோம்.

"பாப்பா படிச்சு சொல்லுச்சு சார். எழுதறது வேற, குடுக்கறது வேறங்களே."

அவர் அழைத்தது கச்சிராயபாளையத்துத் தேநீர்க்கடையிலிருந்து. அவர் ஊரில் செல்பேசி எடுப்பதில்லை. வேலையாகக் கீழே இறங்கும்போதுதான் பேசமுடியும். எங்கள் விளம்பரம் அவரைச் சேர்ந்தது எந்தத் தளத்தின் வழியாகவும் அன்று. எங்கள் பழைய மாணவர் ஒருவர் தம் வகுப்புக் குழுவில் போட, அது மூன்று குழுக்கள் தாண்டி அவர் மகளின் செல்பேசிக்குப் போயிருக்கிறது. பணம் கொடுத்து முன்னிறுத்திய விளம்பரத்தைக் காட்டிலும், தெரிந்தவர் தெரிந்தவருக்கு அனுப்பியது தொலைவு போயிற்று. அதுவும் போகவேண்டிய இடத்துக்கு.

மலையைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். கல்வராயன் மலை 1976வரை ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலைமக்கள் அவர்களுக்கே வரி செலுத்தினார்கள், கூலியின்றி உழைத்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பழங்குடிப் பட்டியலில் உள்ள மலையாளிகள். கேரளத்தவரை அழைக்கும் பெயரோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. இங்கே மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் வழங்கும் பெயர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. இன்று காப்பி, மிளகுத் தோட்ட வேலைகளுக்காகக் குடகுக்கும் கேரளத்துக்கும் மாதக்கணக்கில் போகிறார்கள். தொலைதூரத் தோட்டங்களில் அவர்களுக்குக் கொட்டகை கிடைத்துவிடுகிறது. மலையடிவாரத்து ஊரில் வாடகை வீடு கிடைப்பதில்லை.

மறுநாள் முதற்பேருந்தில் தம் தாயாரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு அவர் வந்தார். இரண்டு பெண்கள், ஒருத்தி கல்லூரி, இளையவள் பன்னிரண்டாம் வகுப்பு. பெண்களுக்குத் துணையாகப் பாட்டி இருப்பார். பெற்றோர் மலையிலேயே இருந்து பணம் அனுப்புவார்கள். இணையத்தின் படிவத்தில் 'குடும்பம்', 'ஆண் பேச்சிலர்', 'பெண் பேச்சிலர்', 'நிறுவனம்' என்று நான்கு கட்டங்கள் இருந்தன. ஒரு பாட்டியும் இரண்டு பேத்திகளும் எந்தக் கட்டத்தில் அடங்குவார்கள் என்று தெரியவில்லை.

அவர் குழாயைத் திறந்து பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், படியைப் பார்த்துத் தாயாரின் முகத்தைப் பார்த்தார். "மலை ஏறின காலுக்கு இது ஒரு படியா?" என்றார் அந்த அம்மாள். பிறகு அவர் கேட்டது ஒன்றே: மொட்டைமாடியில் சாமை காயவைக்கலாமா? நாங்கள் எடுத்த பதினொரு படங்களில் மொட்டைமாடி இல்லை. இருக்கிற அறைகளையெல்லாம் காட்டிய நாங்கள், வெயிலைக் காட்ட நினைக்கவில்லை. தாராளமாகக் காயவைக்கலாம் என்றோம்.

பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினோம். மூன்று மாத முன்பணத்தில் இரண்டை அன்றும் ஒன்றை அறுவடைக்குப் பிறகும் தருவதாகச் சொன்னார், அப்படியே எழுதினோம். வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. அதைச் சலுகையாக எண்ணி நாங்களும் குறைக்கவில்லை. வீட்டுக்காரரும் குடிவருபவரும் வழக்கமாகச் செய்துகொள்வதைச் செய்துகொண்டோம். அதற்கு மேல் இதில் பெருமைப்பட ஏதுமிருப்பதாகக் கருதவில்லை. அன்று மாலையே எல்லாத் தளங்களிலிருந்தும் விளம்பரத்தை எடுத்துவிட்டோம்.

ஓராண்டு ஆகப்போகிறது. வாடகை ஐந்தாம் தேதிக்குள் செல்பேசி வழியாக வந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் எங்களிடம் முன்போலப் பேசுவதில்லை. பாட்டியிடம் பேசுகிறார் என்று கேள்விப்படுகிறோம். முழங்கால் வலிக்கு மலைத்தேனில் எதையோ குழைத்துப் பூசச் சொல்லியிருக்கிறாராம் பாட்டி. இதை வைத்துத் தெரு மாறிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். இதே தெருவில் இரண்டு வீடுகளில் டூலெட் அட்டை இன்னும் தொங்குகிறது.

இந்த ஆண்டு மூத்தவளின் சித்தி மகனுக்குக் கள்ளக்குறிச்சியில் தொழிற்பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. அவனுக்கும் உடன்படிப்பவர்கள் இருவருக்கும் அறை வேண்டும். 'வீடு தேவை' என்று ஊர்க்குழுக்களில் போடுவதற்கு ஒரு பதிவு எழுதி, பிழை பார்க்கச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தாள். நன்றாகவே எழுதியிருந்தாள். எந்தப் பகுதி, எவ்வளவு வாடகை தரமுடியும், எந்தத் தேதியிலிருந்து வேண்டும், எத்தனை பேர், என்ன படிக்கிறார்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஓர் ஒற்றுப்பிழை, திருத்தினோம். ஆனால் முதல் வரியே 'மலையாளி (எஸ்.டி.) வகுப்பைச் சேர்ந்த மாணவர்கள் மூவருக்கு' என்று தொடங்கியிருந்தது.

அந்த வரி எதற்கு, மாணவர்கள் மூவருக்கு என்று தொடங்கினால் போதாதா என்று கேட்டோம்.

"போதும் சார். அப்படிப் போட்டா இருபது பேரு கூப்பிடுவாங்க. இருபது பேருகிட்டயும் சொல்லணும். இப்படிப் போட்டா ரெண்டு பேரு கூப்பிட்டாலும் அவங்க தெரிஞ்சு கூப்பிடறவங்க."

விளம்பரம் எழுதுவது பற்றி ஓராண்டாக நாங்கள் கற்றதாக எண்ணியிருந்த எல்லாவற்றையும்விட அவள் கணக்கு துல்லியமாக இருந்தது. ஒற்றை மட்டும் திருத்திய அந்தத் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தோம். பதிவிட்டு நான்கு நாளாகிறது. இதுவரை ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போகிறார்கள்.